கனரக இயந்திரங்களால் சாலை சேதமடைந்தால்: அபராதத்தைப் பெரிதாக்கும் தவறுகள்

கட்டுமானப் பணிக்கு வரும் பொக்லைனோ கிரேனோ தெருச் சாலையை உடைத்துவிட்டால், அபராதத்தைக் கட்டியவுடன் விவகாரம் முடிந்துவிடும் என்று நினைப்பதே முதல் தவறு. பொதுவாக, அபராதம் என்பது விதியை மீறியதற்கான தண்டம் மட்டுமே. சாலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவை உள்ளாட்சி அமைப்பு தனியாகக் கணக்கிட்டு வசூலிக்கலாம், முன்வைப்புத் தொகை கட்டியிருந்தால் அதிலிருந்தே பிடித்துக்கொள்ளவும் செய்யலாம். பல நேரங்களில் இந்த இரண்டாவது தொகைதான் கையைக் கடிக்கும்.

சக்கரங்களுக்குப் பதிலாக எஃகுப் பட்டைகளில் ஊர்ந்து செல்லும் செயின் பொக்லைனைச் சாலையில் ஓட்டிச் செல்வது அடுத்த தவறு. அதன் எடை அகலமான பட்டைகளில் பரவுவதால் அழுத்தம் குறைவு என்று ஓட்டுநர்கள் சொல்வது மண் தரைக்குப் பொருந்தும். தார்ச்சாலையிலோ, பட்டைகளின் குறுக்கே துருத்திக்கொண்டிருக்கும் எஃகு விளிம்புகள் மட்டுமே தரையைத் தொடுவதால், மொத்த எடையும் அந்த மெல்லிய கோடுகளின் மீதே இறங்குகிறது. வண்டி நின்ற இடத்திலேயே திரும்பினால், வெயிலில் இளகிய தார் ஜல்லியோடு சேர்ந்து அரைவட்டமாகப் பெயர்ந்து வரும். அந்தத் தடத்தைப் பார்த்தபின் எந்த வண்டி செய்தது என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. டிரெய்லரில் ஏற்றிப் பணியிட வாசல் வரை கொண்டுவருவதும், இறங்கும் இடத்தில் தடித்த பலகைகளை விரிப்பதும், பட்டைகளுக்கு ரப்பர் பேடு மாட்டுவதும் பழுதுச் செலவோடு ஒப்பிட்டால் மலிவானவை.

லாரி ஓட்டங்களைக் குறைப்பதற்காக அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதும் இதே வகைதான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையில், சேதம் அச்சு எடையின், அதாவது இருபுறச் சக்கரங்களை இணைக்கும் ஒரு தண்டின் மீது இறங்கும் எடையின், ஏறத்தாழ நான்காம் மடிக்கு ஏற்ப உயர்வது தெரியவந்தது. ஓர் அச்சின் மீதான எடை இரட்டிப்பானால் சேதம் சுமார் 16 மடங்காகிறது. மழையில் ஊறிய அடித்தளத்தில் நிலைமை இன்னும் மோசம்.

கிரேன் சாயாமல் நிற்பதற்காகப் பக்கவாட்டில் நீட்டும் தாங்குகால்களை வெறும் தரையிலோ வடிகால் மூடியின் மீதோ ஊன்றக் கூடாது. தூக்கும்போது எடையின் பெரும்பகுதி ஒரே காலில் இறங்கக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விட அதிக வழக்குகளை உண்டாக்குவது, பணி தொடங்கும் முன் சாலையின் நிலையைப் பதிவு செய்யாமல் விடுவதுதான் என்பது என் கருத்து. ஏற்கெனவே இருந்த விரிசலுக்கும் நீங்கள்தான் காரணம் என்று சொல்லப்படும்போது, மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. சாலை ஓரங்கள், ஆள்நுழை மூடிகள், நடைபாதைக் கற்கள், குறுக்கே செல்லும் சிறுபாலம் ஆகியவற்றைத் தேதி தெரியும்படி, விரிசலின் அகலம் புரிய அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்து, முதல் வண்டி வருவதற்கு முன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் கடிதத்தோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் வாங்கிவிட வேண்டும். செல்பேசியில் மட்டும் இருக்கும் படங்களை நேற்று எடுத்தவை என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடலாம்.

ஒப்பந்தத்தில் சாலைச் சேதம் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விடுவதும் வழக்கமாகிவிட்டது. அனுமதி யார் பெயரில் வாங்கப்பட்டதோ அவருக்கே அறிவிப்பு வரும் இடங்களில், வண்டி வாடகைக்கு விட்டவர் கைவிரித்துவிட்டால், மனையின் உரிமையாளரே முதலில் பணம் கட்டிவிட்டுப் பிறகு அவரைத் துரத்த வேண்டியிருக்கும். காப்பீடு இருக்கிறதே என்று நம்புபவர்கள், அதில் பொதுச் சாலைக்கான சேதம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

சேதம் நேர்ந்தபின் இரவோடு இரவாகச் சிமெண்ட் கலவையைக் கொட்டிக் குழியை மூடுவது கடைசித் தவறு. தார்ப்பரப்பில் அந்தத் திட்டு ஒட்டாது, ஓரங்களில் நீர் இறங்கி அடித்தளத்தை அரிக்கும். அனுமதியின்றிச் சாலையில் பணி செய்ததாக இன்னொரு குற்றமும் சேரலாம். குழியைச் சுற்றித் தடுப்பு வைத்து, அன்றே எழுத்தில் தெரிவித்து, பழுதை யார் எந்த முறையில் செய்வது என்ற உத்தரவையும் எழுத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.