மூன்று மாதம் நின்ற கேரவன், இறங்கிப்போன பேட்டரி: புதிது வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

பொங்கல் லீவுக்கு ஏலகிரி போகலாம் என்று சோழிங்கநல்லூரில் நிறுத்தியிருந்த வண்டியை எடுக்கப் போனேன். அக்டோபரில் மழை தொடங்கியபோது நிறுத்தியது. சாவியைத் திருகினால் 'டிக்' சத்தம்கூட இல்லை, டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்த மெக்கானிக், "பேட்டரி டெட் சார், புதுசு போட்டுடுங்க" என்றார். ஒன்றரை வயதுப் பேட்டரியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. இரண்டு நாள் பொறுமையாக வேலை செய்து மீட்டேன். இன்றும் அதே பேட்டரியில்தான் வண்டி ஓடுகிறது.

என் வண்டி, டெம்போ டிராவலரை மாற்றிக் கட்டியது, 12 வோல்ட். பஸ் சேஸி மேல் கட்டிய பெரிய வண்டிகளில் 24 வோல்ட் இருக்கலாம். உங்களுடையது எது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

எந்தப் பேட்டரி?

கேரவனில் இரண்டு பேட்டரி உண்டு. ஒன்று இன்ஜினுக்கு, இன்னொன்று உள்ளே விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜுக்கு. உள்ளே லைட் எரிகிறதே என்று இன்ஜின் பேட்டரியை நம்பிவிடாதீர்கள். இரண்டையும் தனித்தனியாக மல்டிமீட்டரில் அளங்கள். சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் 12.6, 12.7 இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 11.8க்குக் கீழே போனால் காலி. என் இன்ஜின் பேட்டரி 7.4 காட்டியது.

மல்டிமீட்டர் இல்லையென்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை மலிவானதே போதும். ஆனால் சார்ஜரில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று கட்டமாகச் சார்ஜ் ஏற்றித் தானாகவே குறைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் சார்ஜரைத்தான் நான் சொல்வேன். மீட்டரைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் சரிப்படும்.

கழற்றுவது

முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ். மாட்டும்போது நேர்மாறாக. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றோட்டமான இடம் வேண்டும், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மூடி திறக்கிற பேட்டரி என்றால் உள்ளே பாருங்கள். தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள். மட்டக்கோடு வரை நிரப்புவது சார்ஜ் ஏறி முடிந்த பிறகுதான். முன்பே நிரப்பினால் ஆசிட் பொங்கி வழியும்.

நான் மாட்டிக்கொண்ட இடம்

சார்ஜரை மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். கிளிப்பைத் தேய்த்தேன், பிளக்கை மாற்றினேன், சார்ஜரே கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். அரை நாள் போனது. விஷயம் வேறு: வோல்ட் மிகவும் இறங்கிப்போனால், 'இங்கே பேட்டரியே இல்லை' என்று எடுத்துக்கொண்டு பல ஸ்மார்ட் சார்ஜர்கள் வேலையைத் தொடங்குவதே இல்லை. பேட்டரி செத்துவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வழி இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள இன்னொரு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியைத் துணைக்குக் கொண்டுவாருங்கள். நான் அண்ணனின் காரிலிருந்து கழற்றி வந்தேன். தடிமனான ஜம்பர் கேபிளால் பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் சேருங்கள். கடைசி இணைப்பில் சின்னதாகப் பொறி வரும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது சார்ஜரை மாட்டினால், துணைப் பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்து ஓடத் தொடங்கிவிடும். எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அதன் பிறகு சார்ஜரை அணைத்து, துணைப் பேட்டரியைக் கழற்றி, இறங்கிப்போன பேட்டரியை மட்டும் அளந்தேன்: 11.3. மறுபடி சார்ஜரைப் போட்டதும் தயங்காமல் எடுத்துக்கொண்டது. இந்த ஒரு மணி நேரமும் பக்கத்திலேயே இருங்கள். பேட்டரி தொட முடியாத அளவு சூடானாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அதை மீட்கப் பார்க்க வேண்டாம்.

அப்புறம் அவசரமே கூடாது. 100 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 10 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். நான் 5 ஆம்பியரில் ஒரு நாள் முழுக்க விட்டேன். காலியாகக் கிடந்த பேட்டரியின் தகடுகளில் லெட் சல்ஃபேட் படிந்து இறுகியிருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரையும், எல்லாமே கரைந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. பழைய தெம்பு முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

தேறியதா என்று பார்ப்பது

சார்ஜரைக் கழற்றியவுடன் அளந்தால் 13க்கு மேல் காட்டும், அதை நம்ப வேண்டாம். ஒரு ராத்திரி சும்மா விட்டு, காலையில் அளங்கள். 12.6 இருந்தால் நிம்மதி. எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் 10.5 பக்கமே நின்றால் ஒரு செல் போய்விட்டது என்று அர்த்தம். ஆறு செல், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட், ஒன்று போனால் கணக்கு சரியாக 10.5 வரும். அதற்கு மருந்தில்லை. பழையதைக் கடையில் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

ஜம்ப் செய்து கிளப்பிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். வண்டி கிளம்பும். ஆனால் பத்து நிமிடம் ஐடிலில் ஓடினால் இவ்வளவு காலியான பேட்டரி நிறையாது. மறுநாள் காலை அதே கதைதான்.

ஏன் இறங்கியது?

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் நெகட்டிவ் டெர்மினலுக்கும் நடுவே மல்டிமீட்டரைத் தொடராக வைத்து, எல்லாம் அணைந்த நிலையில் அளந்தேன். 10 ஆம்பியர் துளையில் ப்ரோபை மாட்ட மறக்காதீர்கள். அளக்கும்போது சாவியைத் திருகினால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். 40 மில்லி ஆம்பியர் காட்டியது. ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கிப் பார்த்ததில், பெரும்பகுதி ஜிபிஎஸ் கருவி இழுப்பது. நாளைக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர் ஹவர். 90 நாளில் 86. இதற்கு மேல் பேட்டரி தானாகவே இறங்குவதும் உண்டு. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த வேகம் சுமார் இரண்டு மடங்காகும். ஊட்டியில் நிற்கும் வண்டிக்கும் கத்திரி வெயிலில் சென்னையில் நிற்கும் வண்டிக்கும் ஒரே கணக்கு போட முடியாது.

அதனால் நெகட்டிவ் வயரில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுவிட்டேன். புதுப்பேட்டையில் கிடைக்கும். மாதம் ஒருமுறை சார்ஜரும் போடுகிறேன். நிறுத்தும் இடத்தில் கரண்ட் இல்லாதவர்கள் கூரையில் 20 வாட் சோலார் பேனல் வைக்கலாம், சார்ஜ் கன்ட்ரோலரோடு.

சேர்க்கை 1: லித்தியம் பேட்டரிக்கும் இதே வழியா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. அதில் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்க உள்ளேயே இருக்கும் மின்சுற்று) தன்னைத் துண்டித்துக்கொண்டால் மீட்டர் 0 காட்டும். அதை எழுப்பும் வசதியுள்ள லித்தியம் சார்ஜரே வேண்டும். துணைப் பேட்டரி வைத்தியத்தை அதில் செய்யாதீர்கள்.

சேர்க்கை 2: பெசன்ட் நகரிலிருந்து ஒருவர் எழுதினார்: பேட்டரி 12.7 காட்டுகிறது, ஆனால் செல்ஃப் எடுக்கவில்லை. கடற்காற்றில் டெர்மினல் பூத்திருந்தது. சந்தேகம் வந்தால், ஒருவர் சாவியைத் திருகும்போது பேட்டரியின் ஈயக் குமிழுக்கும் அதன் மேல் மாட்டிய கிளாம்புக்கும் இடையே அளங்கள். கிட்டத்தட்ட 0 இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் அங்கேதான் கோளாறு. கிளாம்பைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரை ஊற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடிக்குள் போகக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு இறுக்கி மாட்டி, மேலே வாஸலின் தடவுங்கள்.