பட்டறைப் பயிற்சியில் செயல்திட்டம்: மாணவரின் ஆர்வம் குன்றாமல் நடத்தும் முறை

வாரக்கணக்கில் ஒரே இரும்புத் துண்டை அராவி, அளந்து காட்டி, மதிப்பெண் வாங்கியபின் அதைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகும் மாணவரிடம் ஆர்வத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. அந்தச் சலிப்பைச் சோம்பல் என்று எழுதிவிடுவது எளிது. செய்யும் வேலை எங்கே போய்ச் சேருகிறது என்று அவருக்கு யாரும் காட்டவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை.

இந்தப் பயிற்சித் துண்டுகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1868இல் மாஸ்கோவின் இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியில் விக்டர் டெல்லா-வோஸ் தொழிலைச் சிறுசிறு பயிற்சிகளாகப் பிரித்து, எளியதிலிருந்து கடினமானதற்கு வரிசைப்படுத்தினார்; ஒரே பயிற்றுநர் பலருக்கு ஒருசேரக் கற்பிக்க வழிசெய்த அம்முறை, 1876ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்குப் பின் பிற நாடுகளிலும் பரவியது. அதை அடியோடு கைவிடத் தேவையில்லை. அரம் பிடிக்கத் தெரியாதவரிடம் முழு வேலையையும் ஒப்படைத்தால், ஊக்கம் முதல் நாளிலேயே உடைந்துவிடும். மாற்ற வேண்டியது வரிசையை மட்டுமே: முடிக்க வேண்டிய பொருளை முதலில் காட்டி, அந்தப் பொருளைச் செய்யத் தேவைப்படும்போது அந்தந்தப் பயிற்சியைக் கொடுக்க வேண்டும்; செயல்திட்டம் என்பது இதுதான்.

தேர்ந்தெடுக்கும் பொருள் யாரேனும் ஒருவர் உண்மையில் பயன்படுத்தக்கூடியதாகவும், சரியா தவறா என்பதைத் தானே காட்டிக்கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். மின்பணியாளர் பிரிவுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நல்ல தொடக்கம். நன்றாக இயங்கும் ஒன்றையும், பழுதான ஒன்றையும் மேசைமேல் வைத்து, மின் இணைப்பு இல்லாத நிலையில் மாணவர்களையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எதெது தெரிந்தால் இதைச் செய்யலாம் என்ற பட்டியலை அவர்களே எழுதட்டும். அதன்பின் வயரின் உறை சீவும் பயிற்சி தண்டனையாகத் தெரியாது. உறையோடு சேர்த்துச் செம்பு இழைகளையும் வெட்டிவிட்டால் அந்த இடம் சூடாகும் என்பதையும், எர்த் வயரைச் சற்று நீளமாக விட்டால் கேபிள் பிடுங்கப்படும்போது அது கடைசியாகவே கழலும் என்பதையும் வேலைக்கு நடுவில் சொன்னால் மறக்கமாட்டார்கள்.

பெட்டியை மூடியதும் இணைப்புக் கொடுத்துப் பார்க்கும் அவசரம் எல்லோருக்கும் வரும்; அதை அனுமதிக்கக் கூடாது. எர்த் பின்னிலிருந்து ஒவ்வொரு சாக்கெட்டின் எர்த் முனை வரை மின்பாதை அறுபடாமல் தொடர்கிறதா, சுவிட்ச் ஃபேஸ் வயரில்தான் அமைந்துள்ளதா என்று மல்டிமீட்டரால் பார்க்கட்டும். பின்பு சுவிட்சுகளை ஆன் நிலையில் வைத்து, ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே காப்புத்தடையை, அதாவது மின்சாரம் கசியாமல் தடுக்கும் அளவை, அதற்கென்றே உள்ள மெகர் என்ற கருவியால் 500 வோல்ட்டில் அளக்கட்டும். அது 1 மெகாஓமுக்குக் குறைந்தால் பெட்டியை மீண்டும் திறக்க வேண்டியதுதான். இங்கே தீர்ப்புச் சொல்வது மீட்டர் என்பதால், “சார், சரியா?” என்று ஒவ்வொரு கட்டத்திலும் முகம் பார்க்கும் பழக்கம் தானாகவே குறைகிறது.

மனிதரின் உள்ளூக்கத்துக்குத் தன்னுரிமை, திறமை உணர்வு, பிறரோடு பிணைப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்பது எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகிய உளவியலாளர்களின் கோட்பாடு. பட்டறையில் தன்னுரிமைக்கு எல்லை வேண்டும். சாக்கெட்டுகளின் எண்ணிக்கை, அமைப்பு, பெட்டியின் வடிவம் ஆகியவற்றை மாணவர் முடிவு செய்யலாம். கேபிளின் தடிமன், எர்த் இணைப்பு, ஃபியூஸ் ஆகியவை விவாதத்துக்கு உரியவை அல்ல.

குழு பெரிதானால், கை பழகிய ஒருவர் வேலையைப் பிடித்துக்கொள்ள மற்றவர்கள் திருகு எடுத்துக் கொடுப்பவர்களாகிவிடுவார்கள். ஆகவே இருவர் அல்லது மூவருக்கு ஒரு பெட்டி என்று வைத்து, ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு சாக்கெட்டையாவது முழுமையாக இணைக்கும்படி செய்யுங்கள். மதிப்பெண்ணில் கணிசமான பங்கைப் பழுது கண்டுபிடிப்பதற்கு ஒதுக்குவது நல்லது. முதல் சோதனையில் தோற்ற பெட்டியைக் காரணத்தோடு குறிப்பேட்டில் எழுதிச் சரிசெய்த மாணவர், முதலிலேயே தேறியவரைவிடக் குறைவாகப் பெறக் கூடாது.

மாணவர் தடுமாறும்போது பயிற்றுநருக்கு மிகவும் கடினமான வேலை, ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொள்ளாமல் நிற்பது. ஆபத்து என்றால் உடனே நிறுத்த வேண்டும், மற்ற நேரங்களில் “எந்த இரண்டு முனைகளுக்கு நடுவில் பார்த்தாய்?” என்ற கேள்வியே போதும்.

தேறிய பெட்டிகளைப் பள்ளியின் வகுப்பறைகளுக்கோ அலுவலகத்துக்கோ உண்மையான பயன்பாட்டுக்குக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து அவற்றை வரவழைத்துச் செய்தவரையே திறக்கச் சொன்னால், தளர்ந்த திருகு எது, கறுத்த முனை எது என்பது அவர் கண்ணிலேயே படும்; அந்தப் பெட்டிகளில் ஒன்றைப் பழுதோடு அப்படியே எடுத்துவைத்தால், அடுத்த அணியின் முதல் வகுப்புக்கு அது பயன்படும்.