ஹீலா செல்லை உருக்கி எடுப்பது எப்படி?

செல் கல்ச்சருக்கு, அதாவது உடலுக்கு வெளியே செல் வளர்ப்பதற்கு, புதியவர்களுக்கு ஹீலா என்ற மனித செல் வகையில்தான் கைப்பழக்கம் வரும். 1951-ல் பால்டிமோரில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்தார்கள்; இன்றும் பெருகிக்கொண்டிருக்கிறது. அதற்காக எப்படிக் கையாண்டாலும் பிழைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

லிக்விட் நைட்ரஜன் டேங்கைத் திறக்கும் முன்பே 15 மி.லி. டியூபில் 9 மி.லி. மீடியம் (செல்லுக்கான ஊட்டத் திரவம்) 37 டிகிரியில் தயாராக இருக்கட்டும். செல் வளரப்போகும் பிளாஸ்கில் பெயர், பாசேஜ் எண் (எத்தனையாவது முறை புது பிளாஸ்குக்கு மாற்றியது), தேதி எழுதிவிடுங்கள். முதல் தடவை நான் வயலை (செல் உறைந்திருக்கும் சிறு குப்பி) உருக்கிய பிறகுதான் மீடியம் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். மறுநாள் பிளாஸ்கில் ஒட்டிய உயிருள்ள செல்லைவிட மிதந்த செத்த செல்தான் அதிகம்.

முகத்துக்கு ஷீல்டு, கைக்குத் தடித்த கையுறை கட்டாயம். வயலுக்குள் கசிந்த நைட்ரஜன் வாயுவாகும்போது ஏறத்தாழ 700 மடங்கு விரியும், வயல் வெடிக்கலாம்.

வயலை நேராக 37 டிகிரி வாட்டர் பாத்தில் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். மூடி தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் கிருமி புகும். ஒன்றிரண்டு நிமிடத்தில் மிளகளவு ஐஸ் மிஞ்சும்போது எடுத்துவிடுங்கள். ஏன் இந்த அவசரம்? மெதுவாக உருகினால் பொடி ஐஸ் துகள்கள் சேர்ந்து பெரிதாகிச் செல் சவ்வைக் கிழித்துவிடும். உருகிய பிறகோ, உறையும்போது செல்லைக் காப்பாற்றிய டிஎம்எஸ்ஓ என்ற வேதிப்பொருளே சூட்டில் நஞ்சாகும்.

70% ஆல்கஹாலால் வயலைத் துடைத்து ஹூடுக்குள் (கிருமி புகாத வேலைப்பெட்டி) கொண்டுபோங்கள். துடைக்கும்போது மார்க்கர் எழுத்தும் போய்விடும், முதலில் படித்துக்கொள்ளுங்கள்.

இனி நிதானம். செல்லை மீடியத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். செல்லுக்குள்ளும் டிஎம்எஸ்ஓ இருக்கிறது. மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் உள்ளே பாய்ந்து செல் உப்பி வெடிக்கும். புதியவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்.

200 ஜியில் (புவியீர்ப்பைப்போல் 200 மடங்கு விசை) 5 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுங்கள். மேலிருக்கும் திரவத்தை உறிஞ்சிவிட்டு, அடியில் படிந்த வெள்ளைப் பெல்லட்டை விரலால் தட்டிக் கலைத்து, 5 மி.லி. புது மீடியத்தில் கலந்து டி-25 (25 சதுர செ.மீ. பரப்புள்ள) பிளாஸ்கில் ஊற்றுங்கள். பைப்பெட்டால் வேகமாக அடிக்கக் கூடாது. ஒரு சொட்டை டிரிப்பான் ப்ளூ சாயத்தில் கலந்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்: நீலமானவை செத்தவை. 80 சதவீதத்துக்கு மேல் நிறமேறாமல் இருந்தால் நல்லது.

பிளாஸ்கை 37 டிகிரி, 5% கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் வைத்துவிட்டு அன்று தொடாதீர்கள். மறுநாள் மிதப்பவற்றை நீக்கி மீடியம் மாற்றுங்கள். இரண்டு மூன்று பாசேஜ் போன பிறகே சோதனைக்கு எடுங்கள்.