பித்தளைச் சொம்பும் இரண்டு எலுமிச்சையும்: ஆயில் பெயின்டில் முதல் படம்

ஆயில் பெயின்ட் வாங்கியாயிற்று, எதை வரைவது? வீட்டிலிருக்கும் பித்தளைச் சொம்பை எடுங்கள், பக்கத்தில் இரண்டு எலுமிச்சம்பழம். சொம்பைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். பளபளவென்று இருந்தால் அறை முழுக்க அதற்குள் தெரியும்; முதல் படத்துக்கு அது தலைவலி.

ஆறு டியூப் போதும்: டைட்டானியம் ஒயிட், லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), அல்ட்ராமரைன் ப்ளூ (அடர்நீலம்). கறுப்பு வாங்காதீர்கள், ப்ளூவும் அம்பரும் கலந்தாலே நல்ல கருமை வரும். 10×12 அங்குல கேன்வாஸ் போர்டு, இரண்டு தட்டை பிரஷ், ஒரு மெல்லிய பிரஷ், பெயின்டை நீர்க்கவைக்க டர்பன்டைன், லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்), பழைய பனியன் துணி.

படி 1: வெளிச்சம்

அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் கிடத்தி, உள்ளே கருந்துணி விரித்துப் பொருள்களை வையுங்கள். இடப்பக்கம் ஒரே விளக்கு. டியூப்லைட்டை அணைத்துவிட்டு, கேன்வாஸுக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன விளக்கு. நாற்காலிக் கால்கள் நிற்கும் இடத்தை சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். தலை கொஞ்சம் நகர்ந்தாலும் சொம்பின் மேலுள்ள மினுக்கம் இடம் மாறிவிடும்.

படி 2: கோடு

டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த அம்பரால், முதலில் நட்டநடுவே ஒரு செங்குத்துக் கோடு. சொம்பின் இரு பக்கமும் அதிலிருந்து சம தூரம். வாய் நீள்வட்டம், அதன் ஓரங்கள் கூராக முடியக்கூடாது. அடிப்பாகத்தின் வளைவு வாயைவிடச் சற்று அதிகமாக இருக்கும், அது கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால்.

படி 3: ஒரே நிறத்தில் நிழல்

கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து இருட்டும் வெளிச்சமும் மட்டும் தெரியும். இருட்டை அம்பரால் நிரப்பி, வெளிச்சத்தைத் துணியால் துடைத்து எடுங்கள். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும். இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

படி 4: நிறம்

எல்லோரும் சறுக்கும் இடம் இது. என் முதல் சொம்புக்குத் தங்க நிறப் பெயின்ட் பூசினேன்; நாடகத்து அட்டைக் கிரீடம் போல வந்தது. உண்மையான சொம்பைப் பாருங்கள், மஞ்சள் எவ்வளவு குறைவு! பாதிக்குமேல் பழுப்பும் மங்கிய பச்சையும்தான். அதனால் கருமையிலிருந்து தொடங்குங்கள்: அம்பருடன் ஆக்கர், துளி ப்ளூ. நடுப்பகுதிக்கு ஆக்கரும் சியன்னாவும். வெளிச்சத்துக்கு ஆக்கர், லெமன் யெல்லோ, கொஞ்சம் ஒயிட். உலோகத்தில் இருட்டும் வெளிச்சமும் சட்டென்று முட்டிக்கொள்ளும். அந்த ஓரங்களைத் தேய்த்துக் குழைக்காதீர்கள். எலுமிச்சையில் நேர்மாறாக, மெதுவாகக் குழைய வேண்டும். பழத்தின் நிழலுக்குக் கருமை கலந்தால் பச்சையடித்துவிடும். ஆக்கரும் சியன்னாவும் போதும். அப்புறம், பழத்தின் மஞ்சள் சொம்பின் வயிற்றில் பிரதிபலிக்கும். அதை விட்டுவிடாதீர்கள், இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதாக நம்பவைப்பது அதுதான்.

இந்தப் பூச்சில் லின்சீட் ஆயில் சேர்க்கலாம். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவு, அதன்மேல் வரும் பூச்சில் அதிகம். மாற்றிச் செய்தால் பின்னால் வெடிப்பு விடும்.

படி 5: மினுக்கம்

கடைசியில், ஒயிட்டில் துளி லெமன் யெல்லோ. தடிப்பாக எடுத்து ஒரே தொடுதல், பிறகு கையை எடுத்துவிடுங்கள்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். லின்சீட் ஆயில் காயும்போது சூடாகி, தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவையுங்கள். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள்.