பழைய கிறிஸ்துமஸ் கால்பந்து அட்டவணையைப் படிப்பது எப்படி

22 வருடம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பட்டியல் போட்டேன். யாருக்கு இரவு ஷிப்ட், யாருக்கு மறுநாள் காலை, யாரைத் தூங்கவிடாமல் திரும்ப வரச் சொல்லியிருக்கிறோம் என்பதெல்லாம் தாளைப் பார்த்ததும் கண்ணில் குத்தும். வேலையை விட்ட பிறகு இங்கிலாந்தின் பழைய லீக் முடிவுகளைப் புரட்ட ஆரம்பித்தேன். டிசம்பர் கடைசி வாரத்தைப் பார்த்ததும் முதலில் தோன்றியது: இப்படி ஒரு பட்டியலை நான் போட்டிருந்தால் யூனியன்காரர்கள் என் மேசையைத் தூக்கி வெளியே வைத்திருப்பார்கள்.

அந்த வாரத்தைப் படிக்க நான் பழகிக்கொண்ட முறை இது. முழு லீக்கையும் எடுக்காதீர்கள், குழம்பிப்போகும். ஒரு கிளப், ஒரு வருடம் போதும். நீளமாக ஒரு காகிதத்துண்டு வெட்டி, டிசம்பர் 21இலிருந்து ஜனவரி 1 வரை நாளுக்கொரு கட்டம் போடுங்கள்.

முதலில் கிழமை. டிசம்பர் 25 எந்தக் கிழமையோ, அடுத்து வரும் ஜனவரி 1ம் அதே கிழமைதான். ஒன்று தெரிந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தைச் சிவப்பால் அடித்துவிடுங்கள். 1974 ஜனவரிக்கு முன் லீக்கில் ஞாயிறு ஆட்டமே கிடையாது. புத்தாண்டு நாளை விடுமுறை என்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்தில் அதற்கு அரசு விடுமுறை வந்ததும் 1974இல்தான். சனிக்கிழமை எப்போதும் ஆட்ட நாள். மிச்சம் இருப்பவை கிறிஸ்துமஸும் அதற்கு மறுநாளான பாக்சிங் டேயும்.

இந்த இரண்டும் சனிக்கிழமைக்கு எவ்வளவு பக்கத்தில் விழுகின்றன என்பதில்தான் நெரிசல் இருக்கிறது. 1949இல் கிறிஸ்துமஸ் ஞாயிறு. அதனால் விடுமுறை ஆட்டங்கள் ஒரு நாள் தள்ளிப்போய், சனி 24, திங்கள் 26, செவ்வாய் 27 என்று நாலு நாளில் மூன்று ஆட்டம். அந்த 27ஆம் தேதி மட்டும் லீக்கின் நாலு டிவிஷன் (பிரிவு) மைதானங்களிலும் சேர்த்து 12 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். லீக்கின் ஒருநாள் சாதனை அது. ஆட்டக்காரர்கள் களைத்துப்போவார்கள் என்று யார் சொல்லியிருந்தாலும், வாசலில் அவ்வளவு பேர் நிற்கும்போது காதில் விழுந்திருக்காது.

இனி எதிரணியை நிரப்புங்கள், சொந்த மைதானமா வெளியூரா என்பதையும் சேர்த்து. 1957இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு நான் போட்ட துண்டு இது:

21 சனி: லெஸ்டர், சொந்தம், 4-0
25 புதன்: லூட்டன், சொந்தம், 3-0
26 வியாழன்: லூட்டன், வெளி, 2-2
28 சனி: மான்செஸ்டர் சிட்டி, வெளி, 2-2

புதனும் வியாழனும் ஒரே எதிரணி, பார்த்தீர்களா? பழைய பட்டியலில் இதைத்தான் முதலில் தேட வேண்டும். விடுமுறை ஆட்டங்களைப் பெரும்பாலும் ஜோடியாகப் போடுவார்கள்: இன்று நீ என் ஊருக்கு, நாளை நான் உன் ஊருக்கு. இரண்டு கிளப்புக்கும் ஆளுக்கொரு விடுமுறைக் கூட்டம் கிடைத்துவிடும். மான்செஸ்டருக்கும் லூட்டனுக்கும் நடுவே சுமார் 150 மைல். புதன்கிழமை ஆடிய கால்களோடு அவ்வளவு தூரம் போய் வியாழன் ஆடி, திரும்பி வந்து சனிக்கிழமை ஊர்ச் சண்டை. ஜோடியை ஒரு வளைகோட்டால் இணைத்து, கோட்டின் மேல் தூரத்தை எழுதுங்கள். (இந்தத் துண்டை மட்டும் நான் தனியாக வைத்திருக்கிறேன். ஆறு வாரம் கழித்து, 1958 பிப்ரவரி 6இல், இதே அணியின் விமானம் மியூனிக்கில் விழுந்தது.)

இன்றைய அளவுகோலை எடுத்துப்போய் அங்கே வைக்கக் கூடாது. 1965 ஆகஸ்டுக்கு முன் மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே லீக்கில் இல்லை. ஒருவருக்குக் கால் சுளுக்கினால் நொண்டிக்கொண்டே நிற்பார், இல்லாவிட்டால் 10 பேரோடு ஆட வேண்டியதுதான். 1956 வரை லீக் ஆட்டத்துக்கு மின்விளக்கும் கிடையாது. டிசம்பரில் அங்கே மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். ஆட்டம் அதற்குள் முடிய வேண்டும்.

சரி, முடிவுகளுக்கு வருவோம். ஒரு ஆட்டத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், ஜோடியாகக் கூட்டுங்கள். 1963 பாக்சிங் டேயன்று முதல் டிவிஷனில் 10 ஆட்டம், 66 கோல். ஃபுல்ஹாம் 10, இப்ஸ்விச் 1. வெஸ்ட் ஹாம் தன் சொந்த மைதானத்தில் பிளாக்பர்னிடம் 2-8. பர்ன்லி 6, மான்செஸ்டர் யுனைடெட் 1. இது கேள்விப்பட்ட கதைதான், பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். துண்டில் இரண்டு கட்டம் தள்ளிப் பாருங்கள். சனி 28ஆம் தேதி அதே ஜோடிகள், மைதானம் மட்டும் மாறியது. இப்ஸ்விச் 4, ஃபுல்ஹாம் 2. பிளாக்பர்னில் போய் வெஸ்ட் ஹாம் 3-1. யுனைடெட் 5, பர்ன்லி 1. 17 வயது ஜார்ஜ் பெஸ்ட் யுனைடெட்டுக்காகத் தன் முதல் கோலை அடித்தது அன்றுதான். பர்ன்லி, யுனைடெட் இரண்டையும் கூட்டினால் 7-6. வியாழக்கிழமையை மட்டும் பார்த்தவருக்கு யுனைடெட் நொறுங்கிப்போன அணி, இரண்டையும் பார்த்தவருக்குச் சரிக்குச் சரி.

அப்புறம் ஆட்டக்காரர் பெயர்கள். இரண்டு நாள் பதினொருவரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மாறிய பெயருக்கு மட்டும் வட்டம் போடுங்கள். 2-8 தோற்ற வெஸ்ட் ஹாம் அணியில் இருந்த மார்ட்டின் பீட்டர்ஸ் 28ஆம் தேதி இல்லை. எட்டி போவிங்டன் வந்தார். அடுத்த மே மாதம் வெஸ்ட் ஹாம் எஃப்.ஏ. கோப்பையை வென்ற இறுதி ஆட்டத்திலும் போவிங்டன்தான், பீட்டர்ஸ் இல்லை. 1966இல் உலகக் கோப்பை இறுதியில் கோல் அடித்த பீட்டர்ஸ்தான் இவர். விடுமுறை வாரத்தில் ஒரு வட்டம் அவ்வளவு தூரம் நீளும்.

புள்ளிகளைக் கூட்டும்போது 1981க்கு முன் வெற்றிக்கு 2 புள்ளிதான் என்பதை மறக்காதீர்கள். புள்ளி சமமானால் 1976 வரை கோல் வித்தியாசம் பார்க்கவில்லை. அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்தார்கள். 30 அடித்து 20 வாங்கிய அணிக்கு 1.5. ஒரே நாளில் 10 வாங்கினால் வகுக்கும் எண் வீங்கி அந்த சீசன் முழுக்க உறுத்தும்.

நான் விழுந்த குழி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1937 கிறிஸ்துமஸ், ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் செல்சி, சார்ல்டன், 1-1 என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். சார்ல்டனின் மொத்தக் கணக்கு ஒரு புள்ளி உதைத்தது. மூன்று மாலை திரும்பத் திரும்பக் கூட்டினேன், என் கூட்டல்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பார்த்தால் அது மூடுபனியால் பாதியில் கைவிட்ட ஆட்டம், கணக்கிலேயே சேராது. சார்ல்டன் கோல்கீப்பர் சாம் பார்ட்ரம், எல்லோரும் போன பிறகும் ஒன்றும் தெரியாமல் பனிக்குள் கோலைக் காத்துக்கொண்டு நின்ற அதே ஆட்டம். ஆகவே கைவிட்ட ஆட்டத்தை முதலிலேயே பென்சிலால் குறித்துவையுங்கள். போர்க்கால முடிவுகளையும் தனி நோட்டில் வையுங்கள். 1940 கிறிஸ்துமஸ் அன்று டாமி லாட்டன் காலையில் எவர்ட்டனுக்கும் மதியம் டிரான்மியருக்கும் ஆடினார். அது லீக் பதிவில் வராது.

டிசம்பர் கைவந்துவிட்டால் ஈஸ்டருக்குப் போகலாம். புனித வெள்ளி, சனி, திங்கள். வெள்ளியும் திங்களும் பெரும்பாலும் ஜோடி, நடுவில் சனிக்கிழமை வேறொரு அணி. ஆனால் அது சீசன் முடியும் நேரம், கோப்பை ஆட்டங்களும் வந்து மேலே ஏறிக்கொள்ளும். 1970 ஈஸ்டருக்கு லீட்ஸ் யுனைடெட்டை எடுத்துப் பாருங்கள். உலகக் கோப்பைக்காக அந்த சீசனைச் சீக்கிரம் முடிக்க வேண்டியிருந்தது. மார்ச் 26 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. மான்செஸ்டர் யுனைடெட்டோடு இரண்டு முறை 0-0 ஆன பிறகு மூன்றாவது முறை, லீட்ஸின் பிரெம்னர் ஒரு கோல் அடித்து முடித்தார். 28 சவுதாம்ப்டன், 1-3 தோல்வி. 30 டெர்பி. ஏப்ரல் 1 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் செல்டிக். 2 வெஸ்ட் ஹாம். 4 பர்ன்லி. பத்து நாளில் ஆறு ஆட்டம். மேலாளர் டான் ரெவி டெர்பிக்கு ரிசர்வ் ஆட்டக்காரர்களை அனுப்பினார்; 4-1 தோற்றார்கள், லீக் 5,000 பவுண்டு அபராதம் போட்டது. பட்டியலைப் போட்டவர்களே அபராதமும் போடுவதை நான் என் வேலையிலும் பார்த்திருக்கிறேன். அந்த வருடம் லீட்ஸ் லீக்கில் இரண்டாவது, எஃப்.ஏ. கோப்பையில் இரண்டாவது, ஐரோப்பாவில் அரையிறுதியோடு சரி. இந்தத் துண்டுக்கு ஒரு காகிதம் போதாது. நான் இரண்டை ஒட்டினேன்.