கறிவேப்பிலைப் புழுவுல இருந்து தொடங்குவோம்: சின்னப் பிள்ளையளுக்கு லீவுல பூச்சி வேலை, ஒவ்வொரு படியா

மே மாசம் வந்தா அண்ணன் பிள்ளைய ரெண்டும் பெங்களூர்ல இருந்து பாளையங்கோட்டைக்கு வந்துருவாக, பெரியவளுக்கு 7 வயசு, சின்னவனுக்கு 5. அக்னி நட்சத்திரத்துல 10 மணிக்கு மேல தெருவுல விட முடியாது, ரிமோட்ட ஒளிச்சு வச்சா என் போன தூக்கிட்டு மச்சுக்கு ஓடிருதுவ. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் கலர் பேப்பரு கத்தரி கோந்து எல்லாம் வாங்கி வச்சு வண்டு செய்யச் சொன்னேன், அழகாத்தான் செஞ்சாக, ஆனா ஒரு வண்டுக்கு 10 காலு, இன்னொண்ணுக்கு 4. ஏட்டி இது என்ன வண்டுன்னு கேட்டா தெரியாதுங்கா. நெசமா ஒரு வண்ட கிட்டக்க பாத்ததே இல்லையே, பிள்ளைய மேல என்ன தப்பு. அதனால இப்ப எங்க வீட்டுல வரிசை இதுதான், மொதல்ல உசுரோட பூச்சி, பெறவுதான் கோந்து.

புழு தேடுறது

பொறவாசல்ல கறிவேப்பிலை மரம் இருந்தா போதும், எலுமிச்சை நாரத்தை இருந்தாலும் சரி. கொழுந்தா இருக்குற எலையத் திருப்பிப் பாருங்க, வெளிர் மஞ்சள்ல கடுகவிடச் சின்னதா உருண்டையா ஒண்ணு ஒட்டிட்டு இருந்தா அது முட்டை. குருவி எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமா எலை மேல கெடந்தா தொடச்சு விட்டுராதீக, அதுதான் புழு. எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகின்னு ரெண்டு வண்ணத்துப்பூச்சிக்கும் சின்னப் புழு அப்படித்தான் இருக்கும், எச்சம்னு நெனச்சு பறவை தொடாது. வளந்து கடைசித் தோல உரிச்சதும் பச்சப்பசேல்னு ஆயிரும். லேசா தொட்டா தலைக்குப் பின்னால ரெண்டு கொம்ப நீட்டும், ஒரு மாதிரி வாடை வரும், பயப்பட வேண்டாம், கடிக்காது. ஒரு தடவ பாத்தா போதும்னு பிள்ளையகிட்ட சொல்லிருங்க, எங்க சின்னவன் நாள் பூரா குத்திக்கிட்டே இருந்தான், பாவம் அது திங்கவே இல்ல.

முருங்கைல இருக்குற மயிர் மயிரா உள்ள கம்பளிப்பூச்சி பக்கம் மட்டும் பிள்ளையள விடாதீக, பட்டா ஊறலெடுத்து தடிச்சுரும்.

2 இல்லன்னா 3 புழு எடுத்தா போதும், கொப்போட ஒடிச்சு எடுங்க, கையால பிச்சு எடுக்காதீக, தோலு உரிக்கிற நேரமா இருந்தா செத்துரும்.

வீடு கட்டுறது

இங்கதான் நான் போன வருஷம் தப்பு பண்ணேன், அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுதேன்.

பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒண்ணுல மூடிய ஓட்ட போட்டு புழுவ விட்டேன். நல்லா தின்னுச்சு, நல்லா வளந்துச்சு, ஒரு நாள் திங்குறத நிறுத்திட்டு தண்ணியா கழிஞ்சுட்டு அங்கிட்டும் இங்கிட்டும் அலைஞ்சுச்சு (இது நோயில்ல, கூட்டுப்புழு ஆகப்போகுதுன்னு அர்த்தம்). பெறவு டப்பா ஓரத்துலயே பட்டு நூல சுத்தி இடுப்புக்கு ஒரு கயிறு மாதிரி கட்டிக்கிட்டு கூட்டுப்புழுவா ஆயிட்டு. எங்களுக்கெல்லாம் சந்தோசம். ஒம்போதாவது நாள் விடியக்காலைல வெளிய வந்துச்சு. வந்தது ஏறிப் பிடிக்க எடம் இல்லாம வழுக்கி வழுக்கி விழுந்துக்கிட்டே இருந்துருக்கு, நாங்க எந்திரிச்சு வந்து பாக்கும்போது ரெக்கை கசங்கினது கசங்கினபடியே காஞ்சு போச்சு. பெரியவ கேட்டா, அத்தை இஸ்திரி போட்டா சரியாயிருமான்னு. இட்லிப்பூ கொத்துல வச்சு சீனித்தண்ணிய பஞ்சுல நனைச்சுக் குடுத்தோம், 4 நாள் இருந்துச்சு.

வெளிய வந்த பூச்சிக்கு ரெக்கை ஈரத்துணி மாதிரி சுருண்டுதான் இருக்கும், அது எதையாச்சும் பிடிச்சுத் தொங்கி ஒடம்புல உள்ள தண்ணிய ரெக்கைக்குள்ள செலுத்தி விரிக்கணும், பெறவு அப்படியே தொங்கிக்கிட்டே காய வைக்கணும், ஒரு மணி நேரத்துக்கு மேல கூட ஆகும். அதுக்குள்ள விழுந்தாலோ எடம் இல்லாம ரெக்கை இடிச்சாலோ அவ்வளவுதான், பெறவு விரியவே விரியாது.

அதனால டப்பா வேண்டாம், கண்ணாடி பாட்டிலும் வேண்டாம். நான் சொல்லுதது சோறு கொழம்பு மூடி வைக்கிற வலைக்கூடை, குடை மாதிரி மடக்குறது, பாத்திரக்கடைல கெடைக்கும். வலையா இருக்குறதால எங்க வேணும்னாலும் காலு பிடிக்கும், காத்து வரும், பிள்ளையளுக்கு உள்ள தெரியும். இதுக்குன்னு ஆன்லைன்ல விக்கிற கூண்டெல்லாம் எனக்கு தேவையாத் தோணல. ஒரு பரந்த தட்டுல பேப்பர விரிச்சு, சின்ன மருந்து பாட்டில்ல தண்ணி ஊத்தி கொப்ப சொருகி (பாட்டில் வாய பஞ்ச வச்சு அடைச்சுருங்க, இல்லன்னா புழு உள்ள எறங்கி முங்கிரும்), சாய்ச்சாப்புல ரெண்டு மூணு காஞ்ச குச்சி வச்சு கூடைய கவுத்துருங்க. தட்டுக்கு அடியில தண்ணி ஊத்தின இன்னொரு பெரிய தட்டு, எறும்பு வராம இருக்க, இத மறக்கவே கூடாது. தார்சால (வீட்டு முன்கூடம்) நெழலா உள்ள எடத்துல வைங்க, மேக்க பாத்த வீடுன்னா சாயங்கால வெயில் அடிக்கும், அங்க வைக்காதீக.

தெனமும் காலைல பேப்பர மாத்தி புழுக்கைய கொட்டி புது எலை வைக்கணும். இத பிள்ளைய கைல குடுத்துருங்க, எங்க வீட்டுல பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி இந்த வேலை நடக்குது.

காத்திருக்கிற நாள்ல செய்யுற கைவேலை

கூட்டுப்புழு ஆன பெறவு ஒரு 8ல இருந்து 12 நாள் அசையாது, அப்பந்தான் பிள்ளையளுக்கு அலுப்பு தட்டும், கைவேலைய அந்த நாளுக்குன்னு ஒதுக்கி வைங்க.

கல்லு பொறிவண்டு. பாபநாசத்துக்கு குளிக்கப் போனப்ப பொறுக்கின கூழாங்கல்லு எங்ககிட்ட கெடந்துச்சு. மொதல்ல அவரைக்கொடிக்கு கூட்டிட்டுப் போங்க, அசுவினி (செடில சாறு உறிஞ்சுற குட்டிப்பூச்சி) மொய்ச்ச எடத்துல பொறிவண்டு இருக்கும், அசுவினிதான் அதுக்கு சாப்பாடு. காலு எண்ணச் சொல்லுங்க, 6. முதுகு நடுவுல ஒரு கோடு இருக்கும், மேல் ரெக்கை ரெண்டும் சேருற எடம். நம்ம பக்கம் நெறய பாக்குறதுக்கு வெறும் புள்ளி இல்லாம கறுப்பு நெளிநெளியா கோடு இருக்கும், அதையும் பாக்கச் சொல்லுங்க. பெறவு கல்லுக்கு பெயிண்ட். போஸ்டர் கலர் ஈரக்கை பட்டா அழிஞ்சுரும், அக்ரிலிக்தான் நிக்கும். மொதல்ல முழுசா செவப்பு, காஞ்ச பெறவு நடுக்கோடு, கடைசிலதான் புள்ளி, இந்த வரிசை மாறுனா எல்லாம் கலந்து சேறாயிரும். காலுக்கு வெளக்குமாத்து ஈக்கு 6 துண்டு, கல்லுக்கு அடியில எம்சீல் வச்சு ஒட்டணும், அத பெரியவுகதான் பிசையணும்.

தீப்பெட்டி பொன்வண்டு. நாங்க சின்னதுல கொடுக்காப்புளி மரத்துல பொன்வண்டு பிடிச்சு எலையோட தீப்பெட்டிக்குள்ள அடைச்சு, முட்டை போடுதான்னு மணிக்கொருதரம் தொறந்து பாப்போம். அது கடைசில பெட்டிக்குள்ளயே செத்துக் கெடக்கும். இப்ப அந்த வண்டே கண்ணுல படுறது கொறஞ்சு போச்சு, அதனால பேரீச்சங்கொட்டைல பச்சை சாக்லேட் பேப்பர சுத்தி வண்டு பண்ணி தீப்பெட்டிக்குள்ள படுக்க வைக்கச் சொன்னேன், கூடவே நெசக் கொடுக்காப்புளி எலை. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது.

கைவேலைல மனசு ஓடலன்னா குழியானை இருக்கு, மண்ணுல குழி பறிச்சு உள்ள இருக்குற சின்னப் பூச்சி. தார்சா ஓரமா, தாழ்வாரத்துல, மழை படாத பொடி மண்ணுல புனல் மாதிரி குழி இருக்கும்லா, அந்த மண்ணோட ஒரு கை அள்ளி டிரேல கொட்டிய மண்ணுல விடுங்க, பின்னாக்கத்தான் நடக்கும், ராத்திரி விட்டு காலைல பாத்தா புதுக்குழி தோண்டிருக்கும். மண்ணு காஞ்சு சன்னமா இருக்கணும். திசையன்விளை பக்கத்து செம்மண் தேரி மண்ணு கெடச்சா அருமை. அந்தக் குழியானையே பெறவு தும்பி மாதிரி ரெக்கை முளைச்சு பறக்கும்னு சொன்னா ரெண்டும் நம்ப மாட்டேங்குதுவ.

பின்னால சேர்த்தது

கமெண்ட்ல ஒருத்தவுக ஒரே நாள்ல மூணு புழுவும் செத்துட்டுன்னு எழுதியிருந்தாக, கேட்டா கடைல வாங்குன கறிவேப்பிலை போட்டுருக்காக. கடை எலைல மருந்து அடிச்சிருக்கும், எத்தன தடவ கழுவுனாலும் நம்ப முடியாது, வீட்டு மரத்து எலைதான் போடணும். மரம் இல்லன்னா புழுவே எடுக்காதீக.

இன்னொருத்தவுக கூடு கறுத்துப் போச்சு, தூக்கிப் போட்டுரவான்னு கேட்டாக. போட்டுராதீக! வெளிய வர்றதுக்கு மொத நாள் தோலு கண்ணாடி மாதிரி ஆகி உள்ள ரெக்கைல உள்ள டிசைன் தெரியும், அதுதான் கறுப்பாத் தெரியுது, மறுநாள் காலைல பிள்ளையள சீக்கிரம் எழுப்பி விடுங்க. ஓட்டை விழுந்திருந்தாத்தான் குளவி முட்டை வச்சிட்டுன்னு அர்த்தம், எங்களுக்கும் ஒண்ணு அப்படிப் போச்சு, குட்டிக்குட்டிக் குளவியா வந்துச்சு, அதையும் காட்டத்தான் செஞ்சேன்.

இந்த வருஷம் 5 கூட்டுப்புழுவுல 4 பறந்துட்டு. ரெக்கை நல்லாக் காஞ்ச பெறவு கூடைய தூக்கி இட்லிப்பூச் செடி பக்கம் வச்சா அதுவாப் போயிரும், கையால பிடிக்க வேண்டாம். மரத்த மொட்டையாக்கிட்டியளேன்னு ஆச்சி ஏசிக்கிட்டேதான் இருக்காக, ஜூன்ல சாரல் விழுந்தா திரும்பத் தளுத்துரும்னு சொல்லி வச்சிருக்கேன். அதுவரைக்கும் கொழம்புக்கு எதுத்த வீட்டு மரத்துலதான் பறிக்கோம்.