ரன்னரைத் தொடணுமா, பேஸை மிதித்தால் போதுமா?

பேஸ்பாலில் ஒரு பேஸிலிருந்து (களத்தில் மிதித்து நிற்கும் இடம்) அடுத்ததற்கு ஓடும் ரன்னரை அவுட் ஆக்கக் கற்றுக்கொள்பவர்கள் முதலில் பந்தோடு கையை நீட்டித் தொடத்தான் பழகுகிறார்கள். அதற்கும் முன்னால் பழக வேண்டிய ஒன்று இருக்கிறது. பந்து உங்களிடம் வருவதற்குள், இந்த ரன்னரைத் தொட வேண்டுமா, பேஸை மிதித்தால் போதுமா என்று முடிவு செய்துவிடுங்கள். பிடித்த பிறகு யோசித்தால் அவன் பேஸில் ஏறி நின்றுகொண்டிருப்பான்.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. பேட்டர் பந்தைத் தரையில் அடித்துவிட்டு ஓடி வந்தால் முதல் பேஸ் அவனுக்கு வேண்டும், அங்கே ஏற்கெனவே நிற்பவன் கிளம்பித்தான் ஆக வேண்டும், இரண்டாவதிலும் ஒருவன் இருந்தால் அவனும் கிளம்ப வேண்டும். இப்படிப் பின்னாலிருந்து துரத்தப்படுகிறவனைத் தொடவே தேவையில்லை, அவன் போய்ச் சேர வேண்டிய பேஸைப் பந்தோடு மிதித்தால் அவுட். இதுதான் ஃபோர்ஸ். பேட்டர் அடிக்காமலே அடுத்த பேஸைத் திருட ஓடுபவன், பின்னால் ஆளே இல்லாமல் தானாக ஓடுபவன் எல்லாரையும் தொட்டே ஆக வேண்டும்.

நிறைய பேர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. முதல் பேஸ்மேன் தன் பேஸை மிதித்து பேட்டரை அவுட் ஆக்கிவிட்டு இரண்டாவதுக்கு எறிகிறார் என்றால், பின்னாலிருந்து துரத்த ஆள் இல்லாததால் ஃபோர்ஸ் அந்த நொடியே போய்விட்டது, இனி அங்கே ரன்னரைத் தொட்டால்தான் உண்டு. எறியும்போதே "டேக்! டேக்!" (தொடு! தொடு!) என்று கத்திவிடுங்கள்.

அமெரிக்காவின் மேஜர் லீகிலேயே, தொடணுமா மிதிக்கணுமா என்பதில் ஏமாந்திருக்கிறார்கள். 2021 மே 27, பிட்ஸ்பர்க்கில் கப்ஸுக்கும் பைரேட்ஸுக்கும் ஆட்டம். இரண்டு அவுட், இரண்டாவது பேஸில் கப்ஸின் வில்சன் கான்ட்ரேராஸ். ஹாவியர் பாயஸ் அடித்த பந்தை மூன்றாவது பேஸ்மேன் எடுத்து எறிய, முதல் பேஸ்மேன் வில் கிரெய்க் பேஸிலிருந்து கொஞ்சம் விலகி வந்து பிடித்தார். திரும்பிப் போய் மிதித்திருந்தால் மூன்றாவது அவுட், இன்னிங்ஸ் முடிந்திருக்கும், நடுவில் யார் ஹோமுக்கு (பேட்டர் நின்று அடிக்கும் இடம்) வந்திருந்தாலும் அந்த ரன் செல்லாது. பாயஸ் சட்டென்று நின்று வந்த வழியே ஹோமை நோக்கி ஓட, கிரெய்க் அவரைத் தொடப் பின்னாலேயே போனார். அதற்குள் கான்ட்ரேராஸ் ஹோமுக்கு வந்து ரன் எடுத்துவிட்டார், பாயஸோ மறுபடி முதல் பேஸுக்கு ஓடி, எறிந்த பந்து கைதவறிப் போனதால் இரண்டாவது வரைக்கும் போய்விட்டார்!

சரி, தொட்டே ஆக வேண்டும் என்றால் எப்படித் தொடுவது? பந்து எந்தக் கையில் இருக்கிறதோ அந்தக் கையோ கிளவுஸோதான் பட வேண்டும். கிரிக்கெட்டில் பந்து இல்லாத கையால் ஸ்டம்பைத் தட்டினால் செல்லாது அல்லவா, அதே கதைதான். மோதலில் பந்து நழுவி விழுந்தாலும் அவுட் இல்லை.

பந்தை எட்டிப் பிடிக்கப் போகாதீர்கள், எறிந்த பந்து உங்கள் கையைவிட வேகமாகவே வரும். பேஸின் இரு பக்கமும் கால் வைத்து நின்று, பிடித்ததும் கிளவுஸை நேராகத் தரைக்கு, பேஸின் முன்விளிம்புக்கு இறக்குங்கள். சறுக்கி வருபவனின் கால் தானாக வந்து மோதும். மார்பையோ தோளையோ தேடிப் போனால் அதற்குள் கால் பேஸில் பட்டிருக்கும். தொட்டதும் கிளவுஸை எடுத்துவிடாதீர்கள். சறுக்கிய வேகத்தில் உடம்பு ஒரு கணம் பேஸை விட்டு எழும்பும், ரீப்ளே வந்த பிறகு இப்படி அவுட் ஆனவர்கள் நிறைய. அப்புறம், பந்து கையில் இல்லாமல் வழியை மறித்து நின்றால் அது உங்கள் தவறு.

தொடப் போகும்போது ரன்னர் இருந்த இடத்திலிருந்து பேஸுக்கு ஒரு நேர்கோடு. அதைவிட்டு 3 அடிக்கு மேல் விலகித் தப்பினால், தொடாமலே அவுட். முதல் பேஸை மிதித்து நேராகத் தாண்டி ஓடியவனை மட்டும் சும்மா விடுங்கள், இரண்டாவதுக்குப் போக முயன்றால் தவிர.

ஒரே பேஸில் இரண்டு பேர் நின்றால்? ஃபோர்ஸ் இல்லாவிட்டால் முன்னால் போனவனுக்குத்தான் பேஸ் சொந்தம். களத்தில் இதையெல்லாம் யோசிக்க வேண்டாம், இருவரையும் தொட்டுவிடுங்கள், யார் அவுட் என்று அம்பயர் சொல்வார்.